பிரசவத்துக்குப் பிறகு தலைவலி: தங்கைக்கு மூளையில் ரத்தம் உறைந்தபோது

பிரசவமான பெண் தலை வலிக்கிறது என்று சொன்னால் நம் வீடுகளில் யாரும் பதறுவதில்லை. தூக்கம் இல்லை, குழந்தை ராத்திரியெல்லாம் அழுகிறது, தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று ஏதாவது ஒரு காரணம் தயாராக இருக்கும். என் தங்கைக்கும் இதையெல்லாம் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரையில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் அவளுடன் இருந்தது நான் ஒருத்திதான். என்ன நோய், எதற்கு இந்த ஊசி, பணத்துக்கு எங்கே போவது என்று ஒவ்வொன்றையும் ஆள் ஆளாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இந்த விவரத்தில் பாதியாவது யாராவது முன்பே எங்களுக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அந்த நாட்களில் பலமுறை நினைத்தேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் அம்மா வீடு ஏற்காட்டில், நாகலூர் பக்கம். அப்பா இல்லை. நான் கல்யாணமாகி சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறேன், கொலுசுப் பட்டறையில் வேலை. தங்கையைக் கொடுத்தது ஆத்தூரில். அவள் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். தலைப்பிரசவம் என்பதால் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். சேலத்தில் ஒரு நர்சிங் ஹோமில் சிசேரியன், பெண் குழந்தை. தையல் ஆறியதும் மலைக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

மலைக்குளிரில் பச்சை உடம்புக்காரியை வைத்துக்கொள்வது என்றால் எங்கள் பக்கம் ஏகப்பட்ட கெடுபிடி. காதில் பஞ்சு, தலையைச் சுற்றித் துணிக்கட்டு, மேலே கம்பளி. தண்ணீரை மட்டும் டம்ளரில் அளந்துதான் கொடுப்பார்கள். நிறையக் குடித்தால் வயிறு போட்டுவிடும், ஜன்னி கண்டுவிடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பார் அம்மாயி. பால் கொடுக்கும் உடம்பு, நாக்கு வறண்டு தண்ணீர் கேட்கிறது, அதற்குக் கால் டம்ளர் வெந்நீர். நல்ல மனசோடுதான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் இந்த வழக்கத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

குழந்தைக்குப் பத்து நாள்கூட ஆகாத நேரத்தில் தலைவலி தொடங்கியது. நர்சிங் ஹோமுக்குப் போன் செய்தால், முதுகில் மயக்க ஊசி போட்டதால் வரும் வலி, படுத்து ஓய்வெடுக்கட்டும், காபி குடிக்கட்டும் என்று சொல்லி ஒரு மாத்திரை பேரைச் சொன்னார்கள். அப்படி ஒரு தலைவலி நிஜமாகவே உண்டு. சிசேரியன் ஆன பலருக்கு வந்திருக்கும். ஆனால் அதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது என்பதைப் பிறகு நரம்பியல் டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முதுகு ஊசியால் வரும் வலி எழுந்து உட்கார்ந்தால் ஏறும், மல்லாக்கப் படுத்தால் அடங்கும். என் தங்கைக்கு நேர் எதிர். படுத்தால்தான் வலி தாங்கவில்லை. இருமினால், மலம் கழிக்க முக்கினால் மண்டை பிளக்கிறது என்றாள். விடியற்காலையில் வாந்தி. இரண்டு நாள் கழித்து, "அக்கா, குழந்தை முகம் ரெண்டாத் தெரியுது" என்றாள். போனில் இதைக் கேட்டதும் நான் பட்டறையில் சொல்லிவிட்டு மலைக்கு பஸ் ஏறினேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். பிரசவமாகி ஆறு வாரம் வரைக்கும், நாளுக்கு நாள் கூடுகிற தலைவலி, படுத்தால் கூடுகிற வலி, வாந்தி, பார்வை மங்குவது அல்லது இரண்டாகத் தெரிவது, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது, இதில் எது வந்தாலும் போனில் மாத்திரை பேர் கேட்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரி. போனதும் முதல் வாக்கியமாக, "பிரசவமாகி இத்தனை நாள் ஆச்சு" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சாதாரண மைக்ரேன் என்று ஊசி போட்டு அனுப்பிவிடலாம். பிபியையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பிரசவத்துக்கு அப்புறமும் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவது உண்டு.

நான் போய்ச் சேர்ந்த அன்று ராத்திரியே தங்கைக்கு வலிப்பு வந்தது. வலது கை முதலில் இழுத்தது, அப்புறம் உடம்பு முழுக்க. அம்மா சாவிக்கொத்தை எடுத்துக் கையில் திணிக்க ஓடினார்கள். அம்மாயி வாயில் கரண்டி வைக்கச் சொன்னார். பட்டறையில் கூட வேலை செய்யும் அக்கா ஒருவருக்கு வலிப்பு உண்டு என்பதால் எனக்கு இது மட்டும் தெரிந்திருந்தது: வாயில் எதையும் வைக்கக் கூடாது, கை காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மிகவும் ஆபத்து. அவளுக்கு அதற்குள் நின்றது. 108க்கு அடித்தோம். ஏற்காடு அரசு ஆஸ்பத்திரியில் வலிப்பை அடக்க ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, உடனே கீழே சேலத்துக்கு அனுப்பினார்கள். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கம் சாயும், நான் அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். அடிவாரம் தாண்டி கோரிமேட்டு விளக்குகள் தெரிந்தபோதுதான் மூச்சே வந்தது.

தெரிந்தவர் ஒருவர் போனில் சொன்னதை வைத்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதலில் சிடி ஸ்கேன் எடுத்து, மூளையில் லேசாக ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். நல்ல வேளையாக அன்று அழைத்த நரம்பியல் டாக்டர் அதோடு விடவில்லை. எம்ஆர்ஐயும் அதோடு சேர்த்து எம்ஆர் வெனோகிராமும் எடுக்கச் சொன்னார். வெனோகிராம் என்பது சிரைகளில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்கும் படம். இந்த நோயில் சாதாரண சிடி நார்மல் என்று வந்துவிடவும் வாய்ப்பு உண்டாம். ஆகவே சிடி நார்மல் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினாலும், தலைவலி விடவில்லை என்றால், "வெனோகிராம் பார்க்க வேண்டுமா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. படத்தில், உச்சந்தலையின் நடுவில் முன்னிருந்து பின்னாக ஓடும் பெரிய சிரை பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது.

அடுத்து அவர்கள் கொடுத்த காகிதம்தான் என்னை ஆட்டிவிட்டது. ஹெப்பாரின் கொடுக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். அது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. மூளையில் ஏற்கெனவே ரத்தம் கசிந்திருக்கிறது என்று ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சொன்னவர்கள், இப்போது ரத்தத்தை இளக்கும் மருந்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். கூட யாரும் இல்லை. தங்கை வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அடித்தால், "அக்கா, நீங்க பாத்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு அழுகிறார். தங்கையின் மாமனார் மாமியார், ஆத்தூரிலிருந்து கிளம்பிவிட்டோம், அதற்குள் எதிலும் கையெழுத்துப் போடாதே என்கிறார்கள். நான் டாக்டரிடம், "கசிவு இருக்கும்போது இந்த மருந்து கொடுத்தால் இன்னும் கசியாதா?" என்று நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. காகிதத்தின் பின்பக்கம் படம் வரைந்தார். மழைக்காலத்தில் சாக்கடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி வீட்டுக்குள் வருவதில்லையா, அது மாதிரி, சிரை அடைத்ததால் பின்னால் அழுத்தம் ஏறி ரத்தம் கசிந்திருக்கிறது. அடைப்பு வளர்ந்தால் கசிவும் வளரும். அடைப்பு வளராமல் தடுப்பதுதான் கசிவுக்கும் வைத்தியம் என்றார். மருந்து உறைகட்டியை நேராகக் கரைக்காது, மேலே மேலே சேராமல் நிறுத்திவைக்கும், கரைக்கும் வேலையை உடம்பே மெதுவாகச் செய்துகொள்ளும் என்றும் சொன்னார். அப்படியும் வீக்கம் அதிகமானால் மண்டை ஓட்டில் ஒரு பகுதியை எடுத்து இடம் கொடுக்கும் ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷன் தேவைப்படவில்லை. இதே நிலையில் நீங்கள் நின்றால், இந்த மருந்தைக் கேட்டுப் பயந்து காலம் கடத்தாதீர்கள். மூளைச் சிரை அடைப்புக்கு, கசிவு இருந்தாலும்கூட, ஹெப்பாரின்தான் உலகம் முழுக்க முதல் மருந்து. பயம் தீரும்வரை கேள்வி கேளுங்கள், ஆனால் ஊரிலிருந்து எல்லோரும் வந்து சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எதனால் வந்தது என்று கேட்டேன். கர்ப்ப காலத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும் தன்மைக்கு மாறிவிடுமாம். பிரசவத்தில் ரத்தப்போக்கு அளவு மீறாமல் இருக்க உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. பிரசவத்துக்குப் பிறகும் சில வாரம் அப்படியேதான் இருக்கும். அதோடு ரத்தசோகையும், ஆபரேஷனும், அசையாமல் படுத்திருப்பதும், தண்ணீர் இல்லாமல் உடம்பு வறள்வதும் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது. தங்கைக்கு இது எல்லாமே இருந்தது. தண்ணீர் விஷயத்தை டாக்டர் அழுத்திச் சொன்னார். இதே உறைகட்டி காலிலும் வரலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்துச் சூடாக இருந்தால் தைலம் போட்டு நீவவே கூடாது. அங்கிருந்து பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் திடீரென்று மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும், உயிருக்கே ஆபத்து.

ஐசியு நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளியில் பெஞ்சு, உள்ளே காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் பார்வை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், அதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. பால் சுரக்கிற பெண் ஐசியுவில் கிடந்தால் என்ன ஆகும்? இரண்டாவது நாள் உள்ளே போனபோது அவள் போட்டிருந்த பச்சைக் கவுனின் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்து காய்ந்து மொடமொடவென்று இருந்தது. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு ஜுரம் அடிக்கிறது. அரை மயக்கத்திலும் முனகுகிறாள். வலிப்புக்கும் ரத்தத்துக்கும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. வயதான நர்ஸ் ஒருவர்தான் என்னை உள்ளே விட்டு, வெந்நீர்த் துணி வைத்து, கையாலேயே பீய்ச்சிவிடச் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் பம்ப் வாங்கினேன். சேர்த்த அன்றே இதைக் கேட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாலை எடுத்துவிட ஏற்பாடு செய்யுங்கள். இல்லாவிட்டால் கட்டி சீழ் பிடித்து அது வேறு தொல்லை, பாலும் நின்றுபோகும்.

இந்த ஊசி போட்ட உடம்புப் பால் குழந்தைக்கு விஷம் என்று சொந்தத்தில் ஒருவர் சொல்ல, அம்மா பால் கொடுப்பதே வேண்டாம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். டாக்டரிடம் கேட்டேன். ஹெப்பாரின் பாலில் கலக்காது, பிறகு கொடுக்கப்போகும், அதேபோல ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் வகை மாத்திரையோடும் தாய்ப்பால் கொடுக்கலாம், வலிப்பு மருந்து கொஞ்சம் போகும், குழந்தை வழக்கத்துக்கு மீறித் தூங்குகிறதா, பால் குடிக்கச் சோம்புகிறதா என்று மட்டும் பாருங்கள் என்றார். ரத்தம் உறையாமல் இருக்கப் புதிதாக வந்திருக்கும் சில மாத்திரைகள் பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்றவை இல்லை என்பதையும் சொன்னார். ஆகவே மருந்துச் சீட்டு எழுதும்போதே, "பால் கொடுக்கிறாள்" என்று நினைவுபடுத்துவது கூட இருப்பவர் வேலை.

இப்போது பணம். நுழையும்போதே முன்பணம் 50,000. ஐசியு, ஸ்கேன், மருந்து எல்லாம் சேர்ந்து ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் போனது. என் சங்கிலியும் அம்மாவின் வளையலும் கூட்டுறவு சங்கத்தில் அடமானத்துக்குப் போயின. இதில் 14,000 ரூபாய் வீண் என்று பிறகு தெரிந்தது. பரம்பரையாக ரத்தம் உறையும் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு கட்டுப் பரிசோதனையை முதல் வாரத்திலேயே எடுத்தார்கள். ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் பார்த்துக்கொள்ளும் புரோட்டீன் எஸ் என்ற புரதம் குறைவு என்று வந்து எல்லோரும் பயந்தோம். ஆனால் கர்ப்பத்திலேயே புரோட்டீன் எஸ் குறையும், ஹெப்பாரின் ஓடும்போது வேறு சில அளவுகளும் மாறும், அதனால் இப்போது வரும் முடிவை நம்ப முடியாது, மாதங்கள் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும் என்று அடுத்துப் பார்த்த டாக்டர் சொன்னார். திரும்ப எடுத்தோம், நார்மல். அவசரத்தில் ஒரு பெரிய பரிசோதனைக்குப் பணம் கட்டச் சொன்னால், "இதன் முடிவால் இன்றைக்குச் சிகிச்சை மாறுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. எங்களுக்குப் பயன்படவில்லை. அந்த ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தில் இல்லை என்பது ஒன்று. இருந்திருந்தாலும் தங்கையின் பெயர் எந்தக் கார்டிலும் இல்லை. கல்யாணமானதும் அம்மா ரேஷன் கார்டில் பெயரை நீக்கியாயிற்று, மாமியார் வீட்டுக் கார்டில் சேர்க்க இன்று நாளை என்று ஒரு வருஷம் ஓடிவிட்டது. புதிதாகக் கல்யாணமான எத்தனையோ பெண்கள் இப்படி நடுவில்தான் நிற்கிறார்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ஏழாவது மாதத்துக்குள் அந்தப் பெயரை ஏற்றிவிடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000க்குள் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிந்துவிடலாம்.

வலிப்பு நின்று, பேச்சு தெளிந்ததும் டாக்டரிடம் மனம் விட்டுச் சொன்னேன், இதற்கு மேல் எங்களால் கட்ட முடியாது என்று. ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது, மாற்றலாம் என்று அவரே கடிதம் எழுதிக் கொடுத்தார். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். அங்கே கூட்டம் அதிகம், இடம் நெருக்கடி, கூட இருப்பவர் தரையில் பாய் விரித்துத்தான் படுக்க வேண்டும். ஆனால் அதே ஊசி, அதே சிகிச்சை. பணம் கட்டும் கவுன்ட்டர் பக்கம் போகவே இல்லை. மாற்றும்போது ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி தட்டு, எந்த மருந்து எந்த மணிக்குக் கடைசியாகப் போட்டார்கள் என்ற குறிப்பு, ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். ரத்தம் இளக்கும் மருந்தில் ஒரு வேளை விட்டுப்போவதும் தப்பு, இரண்டு முறை போடுவதும் தப்பு. நான் தாளின் போட்டோவைப் போனில் எடுத்து வைத்திருந்ததால் டூட்டி டாக்டருக்கு உடனே காட்ட முடிந்தது.

டிஸ்சார்ஜ் ஆனபோதும் வயிற்றில் போடும் ஹெப்பாரின் வகை ஊசி தொடர்ந்தது. கூடவே வார்ஃபரின் வகையான அசிட்ரோம் மாத்திரை. மாத்திரை வேலைசெய்யத் தொடங்க ஐந்து நாளாவது ஆகும் என்பதால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை 2 முதல் 3க்குள் வரும்வரை இரண்டும் ஒன்றாக ஓட வேண்டும். ஊசி போட நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். தொப்புளிலிருந்தும் தையலிலிருந்தும் தள்ளி, பக்கவாட்டில் தோலைக் கிள்ளிப் பிடித்து, செங்குத்தாகக் குத்தி, மெதுவாக மருந்தை இறக்க வேண்டும். சிரிஞ்சில் இருக்கும் சின்னக் காற்றுக் குமிழை வெளியேற்றக் கூடாது. எடுத்த பிறகு தேய்க்கவே கூடாது, தேய்த்தால் அந்த இடம் கன்றிப்போகும். ஒரு நாள் வலது, ஒரு நாள் இடது. முதல் தடவை என் கை நடுங்கியது, "குத்துக்கா, பரவாயில்ல" என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள்.

மாத்திரை எடுக்கும் காலத்தில் கீரை கூடவே கூடாது என்று ஊரே சொன்னது. டாக்டர் சொன்னது வேறு: கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும், அதனால் ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, மறு வாரம் சுத்தமாக இல்லை என்று இருக்கக் கூடாது, எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் அதற்கேற்ப மாத்திரை அளவை வைத்துக்கொள்ளலாம் என்றார். பிரசவ லேகியத்தை நிறுத்தச் சொன்னார், அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாது. வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், புரூஃபன் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். மலம் கறுப்பாகப் போனாலோ, ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலோ, மாதவிடாய் அளவு மீறினாலோ, தலையில் அடி பட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அம்மாயியிடம் தண்ணீர் விஷயத்தைப் பற்றி நான் சண்டை போடவில்லை. டாக்டரே போனில் பேசினார். இப்போது தங்கை கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சொம்பு இருக்கிறது, காலியானால் நிரப்புவது அம்மாயிதான். சொந்தத்தில் அடுத்து ஒரு பெண்ணுக்குப் பிரசவமானபோது, "புள்ளைக்குத் தண்ணி குடுங்கடி" என்று போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

தங்கைக்கு மாத்திரையை ஆறு மாதம் கொடுத்து, மறுபடி வெனோகிராம் எடுத்துப் பார்த்து நிறுத்தினார்கள். சிரை திறந்துவிட்டது. பார்வையும் பழையபடி. பெரும்பாலானவர்கள் இப்படித் தேறிவிடுகிறார்கள் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார், அன்று நம்ப முடியவில்லை. இனி ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை அவளுக்குக் கூடாது, அதனால் காப்பர்-டி வைத்திருக்கிறார்கள். அடுத்த குழந்தை வேண்டுமென்றால் தடை இல்லை. ஆனால் கரு தங்கியது தெரிந்த உடனே, முதல் செக்கப்பிலேயே இந்த டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்ட வேண்டும். பிரசவம் முடிந்து ஆறு வாரம் வரை ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி தேவைப்படும். அசிட்ரோம் வகை மாத்திரை கருவைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பத்தில் ஊசிதான். சம்மரியின் ஒரு நகல் அவளிடம், ஒன்று ஆத்தூரில், ஒன்று என் பீரோவில் இருக்கிறது. அவள் வீட்டுக்காரரின் போனிலும் இருக்கிறது.